ஆலைக்குள் அரை மணி நேரச் சாப்பாடு



கோயம்புத்தூரில் எடுத்த படம் ஒன்றை என் மகள் போன வாரம் போட்டிருந்தாள். உயரமான கூரை, பழைய சுவர், மஞ்சள் விளக்கு, நடுவில் நானும் சம்பந்தியும். "டீச்சர், மில்லுக்குள்ளயா உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" என்று உங்களில் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். "பாழடைஞ்ச கட்டடத்துல சாப்பாடா? நல்ல ஓட்டலே கிடைக்கலையா?" என்று என் சித்தி மகன் கேட்டிருந்தான். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை அவினாசி சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு "லட்சுமி மில்ஸ்" என்ற நிறுத்தம் தெரிந்திருக்கும். ஒரு தொழிற்சாலையின் பெயரே இடத்தின் பெயராகிவிட்டது. 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய நூற்பாலை அது. கோவையின் முதல் ஆலை அதற்கும் 22 ஆண்டுகள் முந்தியது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய அந்த ஆலையை ஊர்க்காரர்கள் இன்றும் ஸ்டேன்ஸ் மில் என்றே சொல்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் பருத்தி விளையும் கரிசல் மண்ணும் இந்த மின்சாரமும் இருக்கின்றன.

அந்த லட்சுமி மில் வளாகம் இன்று "லட்சுமி மில்ஸ் அர்பன் சென்டர்" ஆகிவிட்டது. பழைய ஆலையை மொத்தமாக இடித்துத் தள்ளாமல், அதையே உணவகங்களும் காபிக்கடைகளும் துணிக்கடைகளும் நடக்கிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். சாயங்காலமானால் இளைஞர் கூட்டம் அலைமோதுகிறது. மருமகன்தான் எங்களை அங்கே அழைத்துப் போனார். (பில் தொகையை மட்டும் கடைசி வரை என்னிடம் காட்டவில்லை. நல்ல பிள்ளை.)

பழைய ஆலைக் கட்டடங்கள் மேல் உணவகக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? வீட்டையோ கடையையோ கட்டுவது போல ஆலையைக் கட்டுவதில்லை. நீளநீளமான எந்திரங்களை வரிசையாக நிறுத்த வேண்டும், எனவே தூண்கள் குறைவாகவும் கூடம் அகலமாகவும் இருக்க வேண்டும். எந்திரத்துக்கு மேலே சக்கரங்களும் வார்ப்பட்டைகளும் ஓடிய காலம் அது, எனவே கூரை உயரமாக வேண்டும். அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயில் நேராக உள்ளே விழக்கூடாது. அதற்காகத்தான் பல ஆலைகளில் ரம்பப் பல் போல மேடு பள்ளமாகக் கூரை போட்டு, ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் நாடுகளில் வடக்குப் பக்கத்து வெளிச்சம் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், கண்ணைக் கூசாது. இங்கிலாந்தில் தோன்றிய அந்த முறை பருத்தியோடு சேர்ந்து இங்கேயும் வந்தது. நூல் இழைக்கு என்று விட்ட வெளிச்சத்தில் இப்போது சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுக்கிறார்கள். படம் நன்றாகத்தான் வருகிறது.

கட்டடத்தைப் பற்றி நான் இப்படி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் வேறொரு ஆலையில் 31 வருஷம் சைடராக இருந்தவர். நூற்கும் எந்திரத்தின் ஒரு பக்கம் முழுவதையும் பார்த்துக்கொண்டு, நடந்துகொண்டே அறுந்த இழையைச் சேர்ப்பவர் சைடர். உட்காருகிற வேலை கிடையாது. சாப்பாடு வந்தது, நாங்கள் பேசிப் பேசிச் சாப்பிட்டோம். அவர் மட்டும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். "மெதுவாச் சாப்பிடுங்க அண்ணா, இங்க யாரு நம்மள விரட்டப்போறாங்க?" என்றேன். சிரித்தார்.

"அரை மணி நேரந்தானுங்க சம்பந்தியம்மா. அதுல கை கழுவற நேரமும் சேர்த்தி. கேன்டீன்ல வரிசை நிக்கற நேரமும் சேர்த்தி. இப்படியே பழகிப்போச்சுங்க."

அதற்குப் பிறகு அவரே பேச ஆரம்பித்தார். ஹாஃப் நைட், ஃபுல் நைட் ஷிப்டுகளில் எந்த நேரத்துக்குச் சாப்பிட்டது என்றே உடம்புக்குத் தெரியாதாம். தலைமுடியிலும் புருவத்திலும் மட்டுமல்ல, தூக்குப்போசியைத் திறந்தால் சோற்றிலும் பஞ்சு வந்து உட்காருமாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள், "அப்பா கிழவனாயிட்டார்" என்று தலையைத் தட்டி விளையாடுவார்களாம். காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துவிடும் என்பதால் உள்ளே எப்போதும் ஈரப்பதம் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த வெக்கையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து வருகிற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில்தான் நெஞ்சு அதிகமாக அடைக்கும். அதனால் அதைத் "திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்றும் சொல்வார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த அரை மணி நேரம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதை யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று தேடிப் படித்தேன். வரலாறு படிப்பிக்கும்போது நாம் அரசர்களுக்கு ஒதுக்குகிற பக்கங்களில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1881-இல். அது பெரியவர்களின் வேலை நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 7 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. ஆம், ஏழு வயது! இரண்டாம் வகுப்புப் பிள்ளை. பத்து வருஷம் கழித்து 1891-இல் வந்த சட்டம்தான், பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அரை மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும் என்றது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றும் சொன்னது. இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் இருந்தது. இங்கே கூலி மலிவு, நேரம் அதிகம், தங்கள் துணி விலை போகாது என்ற கவலை அவர்களுக்கு. ஆக, நம் தொழிலாளி உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்த முதல் அரை மணி நேரத்தில் அங்கே உள்ள வியாபாரக் கணக்கும் கலந்திருக்கிறது.

காகிதத்தில் சட்டம் இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியதை வ.உ.சி. பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவற்றுக்காக வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நிற்க, தொழிலாளர்கள் பத்து நாளுக்குள் வென்றார்கள். "கப்பலோட்டிய தமிழன்" என்று மட்டும் படித்து மார்க் வாங்கியவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பத்து ஆண்டு கழித்துச் சென்னைப் பெரம்பூரில் நடந்ததுதான் சாப்பாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகளைச் சேர்த்து பி அண்ட் சி மில் என்பார்கள். பின்னி மில் என்றால் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். அங்கே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் முயன்று, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். தமிழாசிரியர், தென்றலாகத் தமிழ் எழுதியவர் என்று நாம் அறிந்த அதே திரு.வி.க.தான். அந்தத் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? பகல் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. ஆலைக் கேட்டைத் தாண்டி வெளியே வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, திரும்ப ஓடி எந்திரத்தின் முன் நிற்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இன்னும் சில நிமிஷம் கொடுங்கள் என்று கேட்பதற்காகவும்தான் ஒரு சங்கம் பிறந்தது.

பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. அதன்பின் கொஞ்ச காலம் சினிமாச் சண்டைக்காட்சிகள் எடுக்கிற இடமாக இருந்தது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள். சங்கம் பிறந்த கதையைச் சொல்ல ஒரு உணவகச் சுவர்கூட மிஞ்சவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்தான் நாம் அறிந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது. 150 பேருக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து சாப்பிட ஒரு அறையும் குடிநீரும் வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது. சம்பந்தி வரிசையில் நின்ற அந்தக் கேன்டீன் முதலாளி தயவில் வந்ததல்ல, சட்டத்தின் 46-ஆம் பிரிவில் வந்தது. இதை அவரிடம் போனில் சொன்னேன். "சட்டத்துல சாம்பார் எப்படி இருக்கோணும்னு எழுதலையாக்கும்" என்றார்.

ஆலைக்குள் உணவகம் என்றால் இந்தியாவிலேயே பெரிய உதாரணம் மும்பைதான். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலையில் இருக்கிறீர்கள். லோயர் பரேலில் பளபளவென்று இருக்கிற இடங்களின் பெயரைக் கவனியுங்கள். பீனிக்ஸ் மில்ஸ், கமலா மில்ஸ் என்றுதான் இருக்கும். அந்த வட்டாரத்துக்கே "கிரண்காவ்", அதாவது ஆலை ஊர், என்று பெயர். 1850-களிலிருந்து கொங்கணக் கரையிலிருந்தும் மலைப்பக்கத்திலிருந்தும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் ஒரு சின்ன அறையில் பத்துப் பதினைந்து பேர் ஷிப்ட் முறையில் படுத்துத் தூங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் "கானாவள்" நடத்திய பெண்கள். வீட்டிலேயே சமைத்து, மாதக் கணக்கில் ஆலைத் தொழிலாளிகளுக்குப் போடுவார்கள். சம்பள நாளில்தான் காசு. வேலைநிறுத்தம் வந்தால் அந்தக் காசும் வராது, ஆனாலும் சோறு போட்டார்கள். மளிகைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் அவர்கள் சிக்கித் தவித்ததைப் பார்த்து, பிரேமா புரவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கி, வங்கிக் கடன் வாங்கித் தந்தார். பம்பாய் ஆலைகள் ஓடியது நிலக்கரியாலும் மின்சாரத்தாலும் மட்டுமல்ல, இந்தப் பெண்களின் அடுப்பாலும்தான்.

அதே ஆலைகளுக்குள் இன்னொன்றும் நடந்தது. நெசவுப் பிரிவில் நாடாவுக்குள் புது நூலைக் கோக்க, நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார்கள். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவரும் வாய் வைக்க வேண்டிவரும். இதைக் காரணம் காட்டி, தாழ்த்தப்பட்ட சமூகத்தாரை நெசவுப் பிரிவுக்குள் விடவே மாட்டார்கள். கூலி அதிகம் கிடைக்கும் பிரிவும் அதுதான். 1928-29 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதை வெளிப்படையாக எழுப்பினார். முதலாளியை எதிர்த்து ஒன்றாக நின்றவர்களே ஒரே நாடாவில் வாய் வைக்க மறுத்தார்கள். இன்று அந்த ஆலை உணவகங்களில் ஒரே தட்டில் நாலு பேர் கரண்டி போட்டுச் சாப்பிடுகிறார்கள், யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. பழைய கட்டடம் உணவகமானதில் எனக்குச் சந்தோஷம் தந்த ஒன்று இது.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறையாக முடிந்ததாக அறிவிக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, நிலத்தின் விலை ஏறியது, நூலைவிட நிலம் லாபம் என்றாயிற்று. புகைபோக்கி நிழலில் கடைத்தெருவும் உணவகமும் வந்தன. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு தாண்டி கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். தொழிற்சாலையாக இருந்த வரை அந்த இடத்துக்கு ஆய்வாளர் வருவார், தீத்தடுப்புக்கு விதி உண்டு. உணவகமானதும் பொறுப்பு யாருடையது என்பதே குழம்பிவிடுகிறது. நீங்கள் பிள்ளைகளோடு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால், உட்காரும் முன் வெளியேறும் வழி எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதுதான், கும்பகோணத்துக்குப் பிறகு எல்லா ஆசிரியர்களும் சொன்னதுதான்.

வெளிநாடுகளில் இது இன்னும் பரவலாக நடக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸில், 19-ஆம் நூற்றாண்டு ரயில் சரக்குக் கிடங்கு ஒன்றில், பம்பாய் இரானி ஓட்டல் போல அலங்கரித்த "டிஷூம்" என்ற உணவகம் 2014 முதல் நடக்கிறது. பம்பாயின் ஆலை லண்டன் பாணி உணவகமாக, லண்டனின் கிடங்கு பம்பாய் பாணி உணவகமாக! சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவர்கள் போட் கீ, கிளார்க் கீ என்று படம் அனுப்புகிறீர்களே, அங்கே இருக்கிற உணவகங்களும் ஆற்றங்கரைக் கடைவீடுகளிலும் கிடங்குகளிலும்தான் நடக்கின்றன. ஆற்றில் சரக்குத் தோணி தள்ளியவர்களில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் நிறைய.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போய், பிள்ளையார்பாளையம் தெருக்களைச் சுற்றி வந்தால், உணவகமாக மாற்றத் தகுந்த ஒரு பழைய ஆலைக் கட்டடம்கூட உங்கள் கண்ணில் படாது. உலகமே பெயர் சொல்லும் ஒரு தொழில் நடந்த ஊரில் தொழிற்சாலையே இல்லை. ஏனென்றால் வீடுதான் தொழிற்சாலை. முன்கட்டில் தறி, தரையில் தறிக்குழி, அதில் கால் தொங்கவிட்டு மிதிபலகை மிதிப்பவர் வீட்டுக்காரர். பக்கத்தில் இராட்டையில் தார் சுற்றுபவர் வீட்டம்மா. பின்கட்டில் அடுப்பு. காலையில் தெருவிலே பாவு விரிக்கும்போது தெருவும் தொழிற்சாலையாகும். வடக்கு வெளிச்சமும் இல்லை, ரம்பப் பல் கூரையும் இல்லை. ஓட்டிலே பதித்த ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும்.

வீடு தொழிற்சாலை என்றால் தொழிற்சாலைச் சட்டம் அங்கே வராது. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேராவது வேலை செய்தால்தான் 1948 சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ஆகவே 46-ஆம் பிரிவு இல்லை, அரை மணி நேரம் இல்லை, கேன்டீன் இல்லை, சங்கும் ஊதாது. பசித்தபோது சாப்பிடலாமே, சுதந்திரம்தானே என்று கேட்பீர்கள். முகூர்த்தத்துக்குள் சேலை முடிய வேண்டும் என்றால் அந்தச் சுதந்திரம் எவ்வளவு என்பது நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் இருந்தாலும் இழை இழையாகப் பூட்டிக்கொள்ளும். அந்தக் கோர்வைக்கு ஒரு ஆள் போதாது. நெய்பவர் ஒரு நாடா போட, மறுபக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல வீடுகளில் எட்டு வயது, பத்து வயதுப் பையனாக இருந்தான். முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பையன் அடுத்த வீட்டுத் தறியிலும் உட்கார்ந்தான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சொந்தக் குடும்பத் தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. யார் வீட்டில் கேட்டாலும் "எங்க அக்கா பையன் டீச்சர்" என்பார்கள்.

என் வருகைப் பதிவேட்டில் ஜூன் மாதம் இருந்து ஆடிக்குள் காணாமல் போன பெயர்களைத் தேடி வீடு வீடாகப் போன காலம் உண்டு. ஒரு வீட்டில், பகல் ஒன்றரை மணி இருக்கும், ஒரு பையன் தறி ஓரத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், இன்னைக்கு ஸ்கூல்ல முட்டையா?" என்பதுதான். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு இருந்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கேன்டீன் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் விழுந்தவன் அந்தப் பையன். அவனை மறு வாரம் பள்ளிக்கு அழைத்து வந்தோம். அவன் இப்போது இதைப் படிப்பான், பெயர் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிறான்.

தறிக்குழிகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் அந்த வேலைக்கு வரவில்லை, வரச் சொல்லவும் எனக்கு மனமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வேலை விரிந்தது. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து முனையில் நிற்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தான் போகிறீர்கள். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சட்டப்படியான அரை மணி நேரமும் கேன்டீன் தட்டும் கிடைத்தது அங்கேதான். அதுவும் சும்மா இருந்துவிடவில்லை. 2021 டிசம்பரில் கைபேசி ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், நூற்றுக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரம்பூரில் 1918-இல் கேட்டது சாப்பிட நேரம். ஸ்ரீபெரும்புதூரில் கேட்டது சாப்பிடத் தகுந்த சோறு.

என் சித்தி மகன் கேள்விக்கு இப்போது பதில். பாழடைந்த கட்டடத்தில் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. இடித்திருந்தால் சம்பந்தி வாயைத் திறந்திருக்கவே மாட்டார். கோவையிலேயே தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள், ஸ்டேன்ஸ் மில் உட்பட, 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, அதன்பின் பழையபடி ஓடவே இல்லை. தொழிலாளர்கள் சம்பளத்துக்காகக் கேட்டு வாசலில் நின்றார்கள். பூட்டிக் கிடந்து புதர் மண்டுவதைவிட, விளக்கு எரிந்து நாலு பேருக்கு வேலை கிடைப்பது மேல். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இப்படி மாற்றிய கட்டடங்களின் சுவரில் அழகுக்காகப் பல்சக்கரமும் பாபினும் மாட்டுகிறார்களே, அதோடு ஒரு பலகையும் மாட்டலாம். ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங் என்று எந்தப் பிரிவு எங்கே இருந்தது, ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறியது, எத்தனை பேர் வேலை செய்தார்கள், எங்கே உட்கார்ந்து எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டார்கள். மெனு கார்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் அப்படிப் பலகை மாட்டச் சுவரே இல்லை என்பதால் உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். பழைய வீட்டுப் பாடம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தறி இருந்ததா? தறிக்குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டியது எந்த வருஷம்? அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, டைனிங் டேபிளா, டிவியா? தாத்தாவும் ஆயாவும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், யார் முதலில், யார் கடைசியில்? கேட்டு, நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன், சிவப்பு மை தீர்ந்துவிடவில்லை. பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், முசரவாக்கம்